ஃபர்ஸ்ட் பேஸில் நிற்பவருக்கு என்ன வேலை? கீத் ஹெர்னாண்டஸின் 17 சீசன்கள் வழியே ஓர் அறிமுகம்

பேஸ்பால் பார்க்கத் தொடங்கும் யாருக்கும் ஃபர்ஸ்ட் பேஸ்மேனின் வேலைதான் இருப்பதிலேயே சுலபமாகத் தெரியும். மற்றவர்கள் ஓடி, விழுந்து, புரண்டு பந்தை எடுத்து எறிகிறார்கள். இவர் ஒரு சின்ன மெத்தையின் ஓரத்தில் காலை வைத்துக்கொண்டு வருவதை வாங்கிப் போடுகிறார். அமெரிக்க அணிகளே ரொம்ப காலம் அப்படித்தான் நினைத்தன. வயதாகி முழங்கால் தேய்ந்தவர், வேகமாக ஓட முடியாதவர், ஆனால் பந்தை மைதானத்துக்கு வெளியே அடிக்கத் தெரிந்தவர் யாராவது இருந்தால் "ஃபர்ஸ்ட் பேஸில் நிறுத்து" என்பதுதான் வழக்கம்.

அந்த இடத்தில் எவ்வளவு வேலை ஒளிந்திருக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள கீத் ஹெர்னாண்டஸைவிட நல்ல பாடம் கிடையாது. 1974 முதல் 1990 வரை செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ், நியூயார்க் மெட்ஸ், கடைசியில் கொஞ்ச நாள் கிளீவ்லாந்து என மூன்று அணிகளுக்கு ஆடியவர். 2,088 ஆட்டங்கள். பந்தை மைதானத்துக்கு வெளியே அடிக்கும் ஹோம் ரன் வெறும் 162. ஃபர்ஸ்ட் பேஸ்மேனுக்கு இது மிகவும் குறைவு. ஆனால் சிறந்த ஃபீல்டருக்குத் தரும் கோல்டு கிளவ் விருதை 1978 முதல் 1988 வரை ஒரு வருடம்கூட விடாமல் 11 முறை வாங்கினார். அந்த இடத்தில் ஆடியவர்களில் வேறு யாரும் அத்தனை வாங்கியதில்லை.

முதலில், அந்த இடம் எது?

மைதானத்தின் உள்பகுதி ஒரு சதுரம். நான்கு மூலைகளில் நான்கு பேஸ். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் 90 அடி. பேட்டர் நிற்கும் மூலை ஹோம். அங்கிருந்து வலப்பக்கம் இருக்கும் முதல் மூலைதான் ஃபர்ஸ்ட் பேஸ். பந்தைத் தரையோடு அடித்த பேட்டர் அங்கே போய்ச் சேர்ந்தே ஆக வேண்டும். கிரிக்கெட் மாதிரி அடித்துவிட்டு நின்ற இடத்திலேயே நிற்கும் உரிமை அவருக்கு இல்லை. அவர் கால் படுவதற்கு முன், பந்தைக் கையில் வைத்திருக்கும் ஃபீல்டரின் கால் பேஸில் பட்டுவிட்டால் அவுட். ஓடுபவரைத் தொட வேண்டியதே இல்லை. ரன் அவுட்டில் கீப்பர் பந்தோடு ஸ்டம்பைத் தட்டுவது போலத்தான். ஸ்டம்புக்குப் பதில் கால் வைக்கும் மெத்தை. ஹெர்னாண்டஸ் காலத்தில் அது 15 அங்குலச் சதுரம். 2023இலிருந்து 18 அங்குலம்.

பெரிய லீக் பேட்டர் ஒருவர் அந்த 90 அடியைக் கடக்கச் சுமார் நான்கு நொடிகளும் கொஞ்சமும் எடுத்துக்கொள்வார். அதற்குள் ஃபீல்டர் பந்தை எடுத்து, நிமிர்ந்து, நூறடிக்கு மேல் எறிந்து, அது ஃபர்ஸ்ட் பேஸ்மேன் கையில் வந்து சேர வேண்டும். பெரும்பாலான அவுட்டுகளில் வித்தியாசம் ஓர் அடி, இரண்டு அடிதான். ஓர் அணி எடுக்க வேண்டிய 27 அவுட்டில் சாதாரணமாக எட்டு, ஒன்பது இவர் கையில் முடிகின்றன.

ஸ்கோர் எழுதும்போது ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண் உண்டு: பிட்சர் (பேட்டருக்குப் பந்தை எறிபவர்) 1, கேட்சர் (பேட்டருக்குப் பின்னால் பிடிப்பவர்) 2, ஃபர்ஸ்ட் பேஸ் 3, செகண்ட் பேஸ் 4, தேர்ட் பேஸ் 5, ஷார்ட்ஸ்டாப் (செகண்டுக்கும் தேர்டுக்கும் நடுவே நிற்பவர்) 6, அவுட்ஃபீல்டில் இடமிருந்து 7, 8, 9. ஸ்கோர் அட்டையில் 6-3 என்று இருந்தால், ஷார்ட்ஸ்டாப் எறிந்து ஃபர்ஸ்ட் பேஸ்மேன் பிடித்து அவுட் என்று பொருள். இந்த எண்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இடக்கைக்காரர் ஏன் இங்கே வந்து சேர்கிறார்?

ஹெர்னாண்டஸ் இடக்கையால் எறிபவர். பேஸ்பாலில் இடக்கையால் எறிபவருக்கு நான்கு இன்ஃபீல்ட் இடங்களில் மூன்று நடைமுறையில் மூடப்பட்டவை. ஷார்ட்ஸ்டாப்போ தேர்ட் பேஸ்மேனோ பந்தை எடுத்ததும் தன் இடப்பக்கம் இருக்கும் ஃபர்ஸ்ட் பேஸுக்கு எறிய வேண்டும். வலக்கைக்காரருக்கு இடது தோள் ஏற்கெனவே அந்தத் திசையில் இருக்கும். இடக்கைக்காரர் உடம்பை முழுசாகத் திருப்ப வேண்டும். அந்த அரை நொடியில் ஓடுபவர் போய்ச் சேர்ந்துவிடுவார். செகண்ட் பேஸிலும் இதே தொல்லைதான்.

ஃபர்ஸ்ட் பேஸில் கணக்கு தலைகீழ். ஹோமைப் பார்த்து நிற்பவருக்குச் செகண்ட் பேஸ் வலப்பக்கம். இடக்கைக்காரரின் வலது தோள் அங்கே பார்த்துக்கொண்டிருக்கும். எடுத்தார், எறிந்தார், திரும்பும் வேலை இல்லை. இன்னொரு லாபம், கையுறை அவருக்கு வலது கையில். முதல் பேஸில் இருக்கும் ரன்னர் செகண்ட் பேஸ் பக்கம் கொஞ்சம் விலகி நின்றுவிட்டுப் பாய்ந்து திரும்பி வருவது அந்தக் கைப் பக்கம்தான். பிட்சர் திடீரென்று பந்தை இங்கே எறிந்தால் பிடித்த கையை அப்படியே கீழே இறக்கித் தொட்டுவிடலாம். வலக்கைக்காரர் கையுறையை உடம்புக்குக் குறுக்கே கொண்டுவர வேண்டும்.

அந்தக் கையுறையும் தனி வகை. மற்றவர்களுடையதில் விரல்கள் தனித்தனி. இது விரல் பிரியாத, நீண்ட, குழிவான 'மிட்'. விதிப்படி மேலிருந்து கீழ் 13 அங்குலம், உள்ளங்கைக் குறுக்கே 8 அங்குலம் வரை இருக்கலாம். தரையைத் தடவிக்கொண்டு வரும் பந்தை அள்ளுவதற்காகவே அந்த வடிவம்.

பிடிப்பது: காலில் தொடங்கும் வேலை

பந்து தரையோடு வேறு ஃபீல்டரிடம் போகிறது என்று தெரிந்த கணமே ஃபர்ஸ்ட் பேஸ்மேன் பேஸை நோக்கி ஓடிவிட வேண்டும். எறிபவர் நிமிர்ந்து பார்க்கும்போது அசையாத இலக்கு ஒன்று கண்ணில் படவேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் ஆளுக்கு எறிவது கஷ்டம்.

பேஸை அடைந்ததும் குதிகால்கள் அதன் அருகே இருக்க, எறிபவரை நேராகப் பார்த்து நிற்கிறார். இந்தக் கட்டத்தில் கால் எதுவும் நீளக் கூடாது. புதிதாக ஆடுபவர்கள் செய்யும் முதல் தவறு இதுதான்: எறிவதற்கு முன்பே ஒரு காலை முன்னே நீட்டிவிடுவார்கள். பந்து எதிர்பார்த்த இடத்துக்கு மூன்றடி தள்ளி வந்தால் அந்த நிலையிலிருந்து நகரவே முடியாது. எறிந்த பந்தின் திசை தெரிந்த பிறகுதான் கையுறைப் பக்கத்துக் காலை அதை நோக்கி எடுத்து வைக்க வேண்டும். ஹெர்னாண்டஸ் போன்ற இடக்கைக்காரருக்கு இடது கால் பேஸில், வலது கால் முன்னே.

பேஸில் இருக்கும் கால் அதன் ஓரத்தைத்தான் தொட வேண்டும், நடுவில் ஏறி நிற்கக் கூடாது. நின்றால் முழு வேகத்தில் வரும் ரன்னரின் முள் வைத்த ஷூ கணுக்காலில் இறங்கும்.

பந்து நேராக வந்தால் சிக்கல் இல்லை. கையுறைக்குச் சற்று முன்னால் தரையில் பட்டு எழும்பினால்? எழும்பிய உடனே, உயரத் தொடங்குவதற்குள் பிடிப்பது ஒரு வழி. நன்றாக எழும்பி உச்சிக்கு வரவிட்டுப் பிடிப்பது இன்னொரு வழி. இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும் துள்ளல்தான் ஆளைக் கவிழ்க்கும். நல்ல ஃபர்ஸ்ட் பேஸ்மேன் எட்டிப் பிடித்தோ, ஒரு பிடி பின்வாங்கியோ அந்த நடுத் துள்ளலை முதல் இரண்டில் ஒன்றாக மாற்றிக்கொள்கிறார். கையுறை தரையில் தொடங்கி மேலே வர வேண்டும். மேலிருந்து குத்தினால் பந்து அடியில் நழுவிப் போய்விடும். எறிந்தது மிக மோசம் என்றால் பேஸை விட்டுவிட்டுப் பந்தைப் பிடிக்க வேண்டும். ஓர் ஆள் பேஸில் நிற்பதோடு போகும். பந்து வேலிக்கு உருண்டால் அவர் செகண்ட் பேஸுக்கே போய்விடுவார்.

இங்கே ஸ்கோர் புத்தகத்தின் ஓர் அநியாயத்தைச் சொல்லியாக வேண்டும். தரையில் குத்திய அந்த எறியைப் பிடிக்க முடியாமல் போனால் பிழை எறிந்தவர் கணக்கில்தான் ஏறும். பிடித்துவிட்டால் எப்போதும் போல ஓர் அவுட், அவ்வளவுதான். அதாவது ஃபர்ஸ்ட் பேஸ்மேன் செய்யும் மிக அருமையான காரியத்துக்கு அவர் பெயரில் தனியாக ஒரு கோடுகூட விழுவதில்லை. பக்கத்து ஷார்ட்ஸ்டாப்பின் புள்ளிவிவரம்தான் அழகாகிறது.

பிடிப்பதைத் தாண்டி

ஹெர்னாண்டஸைத் தனியாகக் காட்டியது அவர் எறிந்ததும் முன்னேறி வந்ததும்தான்.

சிக்கலான ஆட்டம் ஒன்றைப் பார்ப்போம். முதல் பேஸில் ரன்னர் இருக்கிறார். பேட்டர் அடித்த பந்து தரையோடு ஃபர்ஸ்ட் பேஸ்மேனிடமே வருகிறது. அவர் பந்தை எடுத்துச் செகண்ட் பேஸில் காத்திருக்கும் ஷார்ட்ஸ்டாப்புக்கு எறிகிறார், முதல் அவுட். உடனே தன் பேஸுக்கு ஓடிவந்து ஷார்ட்ஸ்டாப் திருப்பி எறிவதை வாங்குகிறார், இரண்டாவது அவுட். ஸ்கோர் அட்டையில் 3-6-3. நான்கு நொடிக்குள் எல்லாம் நடக்க வேண்டும்.

இதில் கெடக் கூடியவை நிறைய. எறியும் கோடும் ரன்னர் ஓடும் கோடும் ஏறக்குறைய ஒன்றே. பந்து அவர் முதுகில் பட்டால் ஆட்டமே குட்டிச்சுவர். அதனால் கோட்டுக்கு உள்பக்கமா வெளிப்பக்கமா என்று முன்கூட்டியே முடிவு செய்து, ஓர் அடி விலகி, எறியும் பாதையைத் திறந்துகொள்ள வேண்டும். எறிந்துவிட்டு நின்று வேடிக்கை பார்த்தால் திரும்பி வரும் பந்தை வாங்க ஆள் இருக்காது. பேஸிலிருந்து ரொம்பத் தூரத்தில் பந்தை எடுத்திருந்தால் பிட்சர் ஓடிவந்து அங்கே நிற்க வேண்டும். அப்போது அது 3-6-1. இன்னொரு பொறி இருக்கிறது: அவசரத்தில் முதலில் தன் பேஸை மிதித்துவிட்டுப் பிறகு எறிந்தால், பேட்டர் ஏற்கெனவே அவுட் ஆகிவிடுவதால் முன்னால் ஓடுபவருக்குக் கட்டாயம் நீங்கிவிடுகிறது. இனி செகண்ட் பேஸில் காலை வைத்தால் போதாது, அவரைத் தொட்டாக வேண்டும். ஷார்ட்ஸ்டாப் அதைக் கவனிக்காவிட்டால் ஓர் அவுட் கைநழுவும்.

பிட்சரோடு சேர்ந்து ஆடும் 3-1 பார்க்க எளிது, செய்ய அல்ல. ஃபர்ஸ்ட் பேஸ்மேன் வலப்பக்கம் தள்ளிப் போய்ப் பந்தை எடுத்திருப்பார், பேஸ் காலியாக இருக்கும். பிட்சர் கோட்டை ஒட்டி வளைந்து ஓடி வருகிறார். பந்தைக் கீழ்க்கையால் நெஞ்சுயரத்துக்கு, அவர் பேஸை மிதிப்பதற்கு ஓரிரு எட்டு முன்பே, தூக்கிப் போட வேண்டும். தாமதித்தால் பந்தையும் பேஸையும் ஒரே சமயத்தில் தேடுவார். இரண்டில் ஒன்று தவறும். பிட்சர் வலது காலால் மிதித்து உள்பக்கம் திரும்பாவிட்டால் ரன்னரோடு மோதல்.

இப்போது 'பண்ட்'. பேட்டர் மட்டையை வீசாமல், பந்தை மெல்லத் தட்டி ஹோமுக்கு முன்னால் கொஞ்ச தூரம் உருளவிடுகிறார். தான் அவுட் ஆனாலும் முன்னால் இருக்கும் ரன்னர் ஒரு பேஸ் முன்னேறட்டும் என்ற தியாகம். சாதாரண ஃபர்ஸ்ட் பேஸ்மேன் பத்திரமாகப் பந்தை எடுத்து முதல் பேஸுக்குப் போடுவார். ரன்னர் முன்னேறிவிடுவார், எதிரணிக்கு வந்த காரியம் முடிந்தது.

ஹெர்னாண்டஸ் அந்தப் பேரத்துக்கே ஒப்பவில்லை. பிட்சர் கை ஓங்கும்போதே பேட்டரை நோக்கிப் பாய்ந்து வருவார். சில சமயம் பிட்சர் மேட்டைத் தாண்டித் தேர்ட் பேஸ் பக்கம் உருண்ட பந்தைக்கூடப் போய் எடுப்பார். எடுத்த வேகத்தில் செகண்டுக்கோ தேர்டுக்கோ எறிந்து முன்னால் ஓடும் ஆளையே அவுட் ஆக்குவார். இடக்கை இங்கேயும் கைகொடுத்தது, உடம்பைத் திருப்ப வேண்டியதில்லை. எதிரணிகளில் ஆடிய பீட் ரோஸ் இவருக்கு எதிரே பண்ட் அடிப்பதை, பாஸ்கெட்பாலில் பில் ரஸலுக்கு எதிரே கூடை வரை பந்தைக் கொண்டுபோவதோடு ஒப்பிட்டார். ரஸல் அந்த ஆட்டத்தின் ஆகப் பெரிய தடுப்பாட்டக்காரர்.

இப்படிப் பாய்வதில் ஆபத்து இல்லாமல் இல்லை. பேட்டர் தட்டுவது போலப் பாவனை காட்டிவிட்டுக் கடைசி நொடியில் மட்டையை இழுத்து வீசினால், அரைவாசி தூரத்தில் நிற்கும் ஃபர்ஸ்ட் பேஸ்மேனின் முகத்துக்கு நேரே பந்து வரும். தவிர, அவர் விட்டுவந்த பேஸில் செகண்ட் பேஸ்மேன் போய் நிற்காவிட்டால் எறிய ஆளே இருக்காது. எனவே பாய்வதற்கு முன் யார் எங்கே போக வேண்டும் என்று எல்லோரிடமும் பேசியாக வேண்டும். ஹெர்னாண்டஸ் ஓயாமல் பேசினார். பிட்சரிடம் நடந்து போய் அடுத்த பந்தை எங்கே போடலாம் என்றும் சொல்லுவார். 1987இல் மெட்ஸ் அணி தன் வரலாற்றிலேயே முதல் கேப்டனாக அவரை அறிவித்தது. வேலையை அவர் அதற்கு முன்பே தொடங்கிவிட்டிருந்தார்.

புள்ளிவிவரத்தை எப்படிப் படிப்பது?

ஃபர்ஸ்ட் பேஸ்மேனின் 'புட்அவுட்' எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். பிறர் எறிவதைப் பிடித்ததெல்லாம் அதில் சேரும். யார் நின்றாலும் ஆயிரத்துச் சொச்சம் வந்துவிடும். 'அசிஸ்ட்' என்பது தான் எறிந்து வேறொருவர் முடித்த அவுட். அதுதான் கொஞ்சம் பேசும். ஹெர்னாண்டஸ் தன் காலத்தில் 1,682 அசிஸ்ட் எடுத்தார்.

கொஞ்சம் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. 1985இல் ஒரே சீசனில் 184 அசிஸ்ட் எடுத்து அந்த இடத்துக்கான சாதனையை வைத்தவர் பாஸ்டன் ரெட் சாக்ஸின் பில் பக்னர். கணுக்கால்கள் பழுதானவர். தானே ஓடிப் பேஸை மிதிக்க வேண்டிய பந்துகளைக்கூடப் பிட்சருக்குத் தூக்கிப் போட்டுவிடுவது அவர் வழக்கம். ஒவ்வொன்றும் ஓர் அசிஸ்ட். 2009இல் ஆல்பர்ட் பூஹோல்ஸ் 185 எடுத்து அதை முறியடித்தார். ஓட முடியாதவரும் ஓடி ஆடுபவரும் ஒரே பட்டியலில் மேலே வந்து நிற்க முடியும் என்றால் அந்தப் பட்டியலை எவ்வளவு நம்பலாம் என்று நீங்களே முடிவு செய்யலாம்.

மட்டையும் கணக்கும்

ஹெர்னாண்டஸ் 1953 அக்டோபர் 20 அன்று சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தவர். தந்தையும் சிறிய லீக்குகளில் ஆடியவர். 1971இல் புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் கார்டினல்ஸ் இவரை 42ஆவது சுற்றில் எடுத்தது. அத்தனை பின்னால் எடுக்கப்படுபவர்களில் பெரிய லீக்கை எட்டிப் பார்ப்பவர்களே அபூர்வம். 1974 ஆகஸ்டில் முதல் ஆட்டம். 1975இல் அடி சரியாக விழாமல் சிறிய லீக்குக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்.

1979இல் எல்லாம் கூடிவந்தது. 610 முயற்சிகளில் 210 ஹிட், அதாவது அடித்துவிட்டுப் பத்திரமாகப் பேஸ் சேர்ந்தவை. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் வருவது .344, இதுதான் பேட்டிங் சராசரி. .300ஐத் தொட்டாலே நல்ல பேட்டர் என்பார்கள். அந்த வருடம், பெரிய லீக்கின் இரண்டு பிரிவுகளில் ஒன்றான நேஷனல் லீகில் அவர்தான் முதலிடம். இரட்டை பேஸ் அடிகள் 48, ஹோம் ரன் 11.

அந்த ஆண்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதுக்கு நடந்த வாக்கெடுப்பு விசித்திரமானது. ஹெர்னாண்டஸும் பிட்ஸ்பர்க் பைரேட்ஸின் வில்லி ஸ்டார்ஜெலும் சம புள்ளிகள் பெற்று விருதைப் பகிர்ந்துகொண்டார்கள். அந்த விருதின் வரலாற்றில் சமநிலை வந்தது அந்த ஒரே முறைதான். ஸ்டார்ஜெலும் ஃபர்ஸ்ட் பேஸ்மேன்தான், ஆனால் நேர் எதிர் வகை: அப்போதே 39 வயது, ஆடியது 126 ஆட்டம், சராசரி .281, ஹோம் ரன் 32. அந்த இடத்துக்கு யார் தகுதியானவர் என்று அமெரிக்கா போட்ட இரண்டு விடைகளும் ஒரே மேடையில் நின்றன.

ஹெர்னாண்டஸின் மொத்தக் கணக்கு: 2,182 ஹிட், சராசரி .296. அதைவிட முக்கியமானது .384 என்ற எண். பேட் பிடிக்க வந்த ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு விதத்தில் பேஸை அடைந்த விகிதம் அது. மோசமான பந்துகளைத் தொடாமல் விட்டு, நான்கு தவறான பந்துகளுக்கு இலவசமாகக் கிடைக்கும் 'வாக்' வாங்குவதில் பொறுமைசாலி. வாழ்நாளில் 1,070 வாக். முதல் பேஸில் ரன்னர் இருக்கும்போது எதிரணி ஃபர்ஸ்ட் பேஸ்மேன் பேஸை ஒட்டியே நிற்க வேண்டும். அவருக்கும் செகண்ட் பேஸ்மேனுக்கும் நடுவே இடைவெளி பெரிதாகும். ஹெர்னாண்டஸ் போல இடக்கையால் ஆடி, பந்தை அந்தப் பக்கம் இழுத்து அடிக்கும் பேட்டருக்கு அது வாசலைத் திறந்து வைப்பது போல. அந்த இடைவெளி எப்போது திறக்கும் என்று தினமும் அதன் காவலாளியாக நின்றவருக்குத் தெரியாமல் இருக்குமா?

கைமாறிய நாளும் 1986ம்

1982இல் கார்டினல்ஸ், பெரிய லீக்கின் சாம்பியனை முடிவு செய்யும் உலகத் தொடரை வென்றது. முதல் நான்கு ஆட்டங்களில் 15 முயற்சியில் ஒரு ஹிட்கூட இல்லாத ஹெர்னாண்டஸ், மீதி மூன்றில் 12க்கு 7 அடித்தார். ஏழாவது ஆட்டம் நடந்தது அவருடைய 29ஆவது பிறந்தநாளில். ஆறாவது இன்னிங்ஸில் இரண்டு ரன் கொண்டுவந்து ஆட்டத்தைச் சமன் செய்தார்.

எட்டு மாதம் கழித்து, 1983 ஜூன் 15 அன்று, நீல் ஆலன், ரிக் ஓன்பி என்ற இரண்டு பிட்சர்களுக்காக அவரை மெட்ஸுக்குக் கொடுத்துவிட்டார்கள். மேலாளர் வைட்டி ஹெர்சாக்கோடு அவருக்கு ஒத்துப்போகவில்லை. மெட்ஸ் அப்போது கடைசி இடத்தில் கிடந்த அணி. செயின்ட் லூயிஸில் அணிந்த 37ஆம் எண் மெட்ஸில் முன்னாள் மேலாளர் கேஸி ஸ்டெங்கலின் நினைவாக ஓய்வு கொடுக்கப்பட்டு, வேறு யாரும் அணிய முடியாததாக இருந்ததால் 17ஐ எடுத்துக்கொண்டார். 1985இல் பிட்ஸ்பர்க் போதைப்பொருள் வழக்கில், தான் கோகெயின் பயன்படுத்தியதாக நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். ஒரு வருடத் தடை விதிக்கப்பட்டு, சம்பளத்தில் 10 சதவீதம் நன்கொடை, சமூக சேவை என்ற நிபந்தனைகளின் பேரில் தொடர்ந்து ஆட அனுமதி கிடைத்தது. இவை எல்லாம் நடுவே நடக்க, மெட்ஸ் 1984இல் 90, 1985இல் 98, 1986இல் 108 வெற்றி என்று ஏறிக்கொண்டே போனது.

1986 உலகத் தொடரில் எதிரணி பாஸ்டன். அவர்களுடைய ஃபர்ஸ்ட் பேஸில் பக்னர். அக்டோபர் 25, ஆறாவது ஆட்டம், பத்தாவது இன்னிங்ஸ். மெட்ஸ் இரண்டு ரன் பின்னால். தோற்றால் தொடரே முடிந்தது. இரண்டாவது அவுட் ஆனவர் ஹெர்னாண்டஸ். கடைசி அவுட்டைக் களத்தோரம் உட்கார்ந்து பார்க்க மனமில்லாமல் மேலாளரின் அறைக்குப் போய்விட்டார். அங்கே இருந்தபடிதான் தொலைக்காட்சியில் மீதியைப் பார்த்தார்: மூன்று ஹிட், ஒரு தவறான பிட்ச், ஆட்டம் சமன். பிறகு மூக்கி வில்சன் தட்டிய மெதுவான பந்து முதல் பேஸை நோக்கி உருண்டு, பக்னரின் கால்களுக்கு நடுவே போய்விட்டது.

அங்கே என்ன தவறியது என்பது நாம் மேலே பார்த்ததுதான்: கையுறை தரையைத் தொடவில்லை. வேகமாக ஓடும் வில்சனைப் பற்றிய கவலை ஒரு பக்கம், வலிக்கும் கணுக்கால் மறு பக்கம். அந்தச் சீசனில் ஜெயிக்கும் நிலையில் இருக்கும்போது அவருக்குப் பதில் டேவ் ஸ்டேப்பிள்டனை இறக்குவது வழக்கமாக இருந்தது, அன்று இறக்கவில்லை. 2,715 ஹிட் அடித்த மனிதரை அந்த ஒரு பந்தாலேயே நினைவு வைத்திருக்கிறார்கள். ஆட்டம் அதற்கு முன்பே சமனாகிவிட்டதையும், பந்தைப் பிடித்திருந்தால்கூட வில்சனை முந்தியிருக்க முடியுமா என்பது கேள்விதான் என்பதையும் யாரும் பேசுவதில்லை.

ஏழாவது ஆட்டத்தில் மெட்ஸ் 3-0 பின்தங்கியிருந்தபோது, மூன்று பேஸிலும் ஆள் இருக்க, ஹெர்னாண்டஸ் அடித்த ஹிட் இரண்டு ரன் கொண்டுவந்தது. மெட்ஸ் 8-5 என்று வென்றது.

அடுத்து உடம்பு விட்டுக்கொடுத்தது. 1988இல் தொடைத் தசை, 1989இல் முழங்கால் சில்லு. 1990இல் கிளீவ்லாந்துக்காக 43 ஆட்டம், சராசரி .200, அதோடு சரி. பிறகு வர்ணனையாளர் ஆனார்.

பேஸ்பாலின் தலைசிறந்தவர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் நுழைய பேஸ்பால் எழுத்தாளர்களின் 75 சதவீத வாக்கு வேண்டும். இவருக்கு 11 சதவீதத்தைத் தாண்டவே இல்லை. 2004இல் 5 சதவீதத்துக்குக் கீழே போனதால் பெயர் பட்டியலிலிருந்து விழுந்தது. ஸ்டார்ஜெல் 475 ஹோம் ரன்களோடு 1988இல் முதல் முயற்சியிலேயே உள்ளே போனார். ஒரு ஹோம் ரன்னை யார் வேண்டுமானாலும் எண்ணலாம். அடிக்கத் துணியாத பண்டையும், பிழையாக மாறாத எறியையும் எண்ணும் அட்டையை அப்போது யாரும் வைத்திருக்கவில்லை. மெட்ஸ் அணி 2022 ஜூலை 9 அன்று 17ஆம் எண்ணுக்கு ஓய்வு கொடுத்தது.

அடுத்த முறை ஆட்டம் பார்க்கும்போது ஒரு பயிற்சி செய்து பாருங்கள். முதல் பேஸில் ரன்னர் இருக்கும்போது பிட்சரைப் பார்க்காதீர்கள். ஃபர்ஸ்ட் பேஸ்மேனின் கால்களை மட்டும் கவனியுங்கள். பிட்சர் ஹோமை நோக்கி எறியத் தொடங்கியதும் அவர் பேஸிலிருந்து செகண்ட் பேஸ் பக்கம் இரண்டு, மூன்று துள்ளல் விலகி, மட்டை பந்தைத் தொடுவதற்குள் குனிந்து தயாராகிவிடுகிறாரா? தேர்ட் பேஸிலிருந்து எறி வரும்போது எந்தக் கணத்தில் காலை நீட்டுகிறார்? பந்து எறிபவரின் கையை விட்ட பிறகா, முன்னாலா?